அடிநெல்லும் ஆறு மீட்டர் கடலும்

நெல்லின் ஈரப்பதம் பதினேழுக்கு மேல் ஒரு புள்ளி கூடினாலும் பிரகதீஸ்வரி சாக்கைப் பிரிக்க விடமாட்டாள். கீழ்வேளூருக்குப் பக்கத்து ஊரில் இருக்கும் நெல் கொள்முதல் நிலையத்தில் அவள் பட்டியல் எழுத்தர். பட்டியல் எழுதுவது பாதி வேலை. மீதிப் பாதி, விவசாயிகளோடு மல்லுக்கட்டுவது. கடைமடைக்காரர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. பனியில் நனைந்த நெல்லை விடிந்ததும் ரோட்டில் பரப்பி, காலால் கிளறி, நன்றாகக் காய்ந்ததை மட்டும் வழித்து, ஈர நெல்லின்மேல் போர்வை போர்த்துகிற மாதிரி மூடிவிடுவார்கள். முகத்தைப் பார்த்தால் பால் வடியும். பிரகதீஸ்வரி வளையலை மேலே ஏற்றிக்கொள்வாள். முழங்கை மறையும்வரை குவியலுக்குள் கையை விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி அள்ளி மீட்டரில் போடுவாள்.

"பத்தொம்பது புள்ளி நாலு. காயவச்சு எடுத்துட்டு வாங்கண்ணே."

அமைச்சரின் மச்சான் வந்து நின்றாலும் இதே பதில்தான். ஊரில் அவளுக்கு 'முழங்கை மேடம்' என்று பெயர். அது அவளுக்கும் தெரியும். உள்ளூரப் பெருமைதான்.

இத்தனை கறாரான மனுஷிக்கு ஒரே ஒரு எதிரி, தூசி. ஆறு வயதில் பிடித்த இளைப்பு நாற்பத்து மூன்று வயதாகியும் விட்டபாடில்லை. நெல் தூற்றும் மெஷினைப் போட்டதும் கருக்காய்ப் பதரும் சுணைத் தூசியும் கிளம்பும். முகக்கவசத்துக்குள் அவளுடைய நெஞ்சு பூனைக்குட்டி மாதிரி கத்த ஆரம்பிக்கும். கைப்பையில் நீல நிற இன்ஹேலர் எப்போதும் இருக்கும். இரண்டு முறை இழுத்துவிட்டு, "அடுத்தது யாருங்க?" என்று வேலையைத் தொடருவாள்.

இளைப்பைவிட அவளுக்கு எரிச்சல் தந்தது, இளைப்பின் பெயரால் ஊர் அவளுக்குப் போட்ட தடைகள். ஐஸ் தின்னாதே, ஓடாதே, மழையில் நிற்காதே. எல்லாவற்றையும்விடப் பெரிய தடை தண்ணீர். மேட்டூரில் திறந்த தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர்கிற நாளில் பள்ளிக்கூடமே வாய்க்கால் மதகில்தான் இருக்கும். ஒவ்வொருத்தியாக மதகின்மேல் ஏறி, மூக்கைப் பிடித்துக்கொண்டு குதிப்பார்கள். குதிப்பதற்கு முன்னால் எல்லோரும் தவறாமல் சொல்வது ஒன்று உண்டு.

"பிரகதி, செருப்பப் பாத்துக்கடி!"

பதினெட்டு ஜோடிச் செருப்புக்கு நடுவில் அவள் உட்கார்ந்திருப்பாள். ஒரு வருஷம் இல்லை, ஏழு வருஷம். வேறு யாராக இருந்தாலும் தண்ணீரையே வெறுத்திருப்பார்கள். அவளோ எந்தக் குளத்தைப் பார்த்தாலும், இதற்கு அடியில் என்ன இருக்கும் என்றுதான் முதலில் யோசிப்பாள்.

போன ஐப்பசி மழையில் மூன்று நாள் வேலை இல்லை. அப்போது நாகூரிலிருந்து ஆசியா வீடியோ ஒன்று அனுப்பினாள். பள்ளித் தோழி, மதகிலிருந்து தலைகீழாகக் குதித்து எல்லோரையும் அலறவைத்தவள். வீடியோவில் அவள் கடலுக்கு அடியில் இருந்தாள். முகத்தில் கண்ணாடி, முதுகில் சிலிண்டர், சுற்றிலும் மஞ்சள் கோடு போட்ட மீன்கள். பிரகதீஸ்வரி அதை ஏழு தடவை பார்த்துவிட்டுப் போன் செய்தாள்.

"என் தம்பி சமீர் மஸ்கட்லேர்ந்து வந்துட்டான்ல, இப்ப பாண்டிச்சேரியில டைவிங் சொல்லித்தர்றான். நீச்சல் தெரியாதவங்களக்கூட கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போறான். நீயும் வாடி."

"எனக்குக் கரையிலயே மூச்சு சரியா வராது. கடலுக்குள்ளயா?"

"அங்கதான் மூச்ச சிலிண்டர்ல அடைச்சு முதுகுல கட்டி விட்டுர்றாங்களே!"

சமீர் ஒரு படிவம் அனுப்பினான். நாலாவது கேள்வி: ஆஸ்துமா உண்டா? "இல்லைன்னு போட்டுரு, யாரு வந்து பாக்கப்போறா?" என்றாள் ஆசியா. முழங்கை மேடத்திடம் சொல்கிற பேச்சா இது! 'ஆம்' என்பதில் அழுத்தி ஒரு டிக் போட்டு அனுப்பினாள். அரைமணி நேரத்தில் சமீர் கூப்பிட்டான்.

"அக்கா, டாக்டர் பரிசோதிச்சுக் கையெழுத்துப் போடாம உங்கள நான் தண்ணில எறக்க மாட்டேன். ஆனா உண்மையச் சொன்னதுக்கு சந்தோஷம்க்கா. இல்லைன்னு போட்டுட்டு வர்றவங்களப் பாத்தாத்தான் எனக்கு பயம்."

வீட்டில் இந்தச் செய்தியைச் சொன்னபோது அவளுடைய கணவன் துரைராசு ஒரு பம்ப்செட் மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தான். மோட்டார் மெக்கானிக். பேச்சில் குறும்பு அதிகம், தண்ணீர் என்றால் பயம் அதைவிட அதிகம். மோட்டார் ரிப்பேருக்குக் கிணற்றடிக்குப் போனாலும் இரண்டடி தள்ளித்தான் நிற்பான்.

"ஆழம் தெரியாம கால விடாதம்பாங்க. இவ ஆழத்த அளந்து வச்சுக்கிட்டே விடப்போறாளாம்" என்றான். ஆனாலும் மறுவாரம் தஞ்சாவூரில் நுரையீரல் டாக்டரிடம் அவன்தான் வண்டியில் கூட்டிக்கொண்டு போனான்.

டாக்டர் வானதிக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். பிரகதீஸ்வரி வந்த காரணத்தைச் சொன்னதும் சிரிப்பார் என்று எதிர்பார்த்தாள். டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஆஸ்துமா இருக்குற எல்லாரும் போகலாம்னு சொல்லமாட்டேன். யாருமே போகக்கூடாதுன்னும் சொல்லமாட்டேன். உங்க மூச்சுக்குழாய் எப்படி இருக்குன்னு பார்க்கணும். கீழ போறது பெரிசில்லைங்க, மேல வர்றதுதான் விஷயம். ஆழத்துல நீங்க இழுத்த காத்து மேல வர வர விரியும். அது வெளிய வந்துக்கிட்டே இருக்கணும். குழாய் சுருங்கியிருந்தா, இல்ல சளி அடைச்சிருந்தா, காத்து உள்ளயே மாட்டிக்கும். நுரையீரலே கிழிஞ்சுரும். உயிருக்கே ஆபத்து."

துரைராசுவின் முகம் மாறியது. "தண்ணி வெளிய போற டெலிவரி வால்வ மூடிட்டு மோட்டார ஓட்டுற மாதிரிங்களா?"

"கிட்டத்தட்ட அப்படித்தான்."

"வாஷர் பிச்சுக்கிட்டு அடிக்குமே" என்றான் மெதுவாக.

மூச்சின் வேகத்தை அளக்கும் குழாயில் ஊதிப் பார்த்ததில் எண் இருநூற்று எழுபது. அவளுடைய உயரத்துக்கும் வயதுக்கும் நானூறை ஒட்டி வரவேண்டுமாம். டாக்டர் திட்டியது வேறு விஷயத்துக்கு. மூச்சு முட்டும்போது மட்டும் நீலத்தை இழுத்துக்கொண்டு, தினமும் எடுக்கவேண்டிய பழுப்பு இன்ஹேலரை அவள் அலமாரியில் தூங்கவைத்திருந்தாள். நீலம் அப்போதைக்குத் திறந்துவிடும், பழுப்புதான் உள்வீக்கத்தைக் குறைக்கும். தினம் இருவேளை பழுப்பு, இருவேளை ஊதி எண்ணைக் குறிக்க ஒரு பிளாஸ்டிக் குழாய், மாசி மாதம் பரிசோதனை. அதற்கு முந்தின நாளிலிருந்து நீலத்தைத் தொடக்கூடாது, தொட்டால் சொல்லிவிட வேண்டும். கடலில் இறங்குவதென்றால் நாற்பத்தெட்டு மணி நேரம் நீலம் தேவைப்படாமல் இருந்திருக்க வேண்டும்.

குறிப்பெடுப்பதை அவளுக்குச் சொல்லித்தரவா வேண்டும்? தேதி, காலை, மாலை என்று கோடு போட்டு ஒரு நோட்டு. முந்நூறு, முந்நூற்று முப்பது, முந்நூற்று அறுபது என்று எண் ஏறியது. "எங்க வீட்டுல தினம் நாதஸ்வரக் கச்சேரிங்க" என்று துரைராசு டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தான். தை பிறந்தபோது முந்நூற்று எண்பது. அவளுக்குக் கால் தரையில் படவில்லை.

தை பிறந்தால் அறுவடையும் பிறக்கும். நிலையத்து வாசலில் நெல் மலைமலையாகக் குவிந்தது. தூற்றும் மெஷின் காலை முதல் சாயங்காலம்வரை ஓயவில்லை. நோட்டில் எண் சரிந்தது. முந்நூற்று ஐம்பது, முந்நூற்று இருபது. நீல இன்ஹேலர் மறுபடி தினம் வெளியே வந்தது. இன்னும் பத்து நாளில் பரிசோதனை, இன்னும் ஐந்து நாளில். பங்குனி முதல் வாரத்துக்கு சமீர் படகில் இடம் வைத்திருந்தான். ஆசியா தெருவுக்கே சொல்லிவிட்டாள்.

பரிசோதனை அன்று காலை நெஞ்சில் பூனைக்குட்டி கத்திக்கொண்டிருந்தது. தஞ்சாவூரில் வண்டியை விட்டு இறங்கியதும், துரைராசு டோக்கன் வாங்கப் போன நேரம் பார்த்து, பிரகதீஸ்வரி கழிப்பறைக்குள் போனாள். கைப்பையைத் திறந்தாள். இரண்டு முறை இழுத்தாள். கொஞ்சம் யோசித்து, இன்னும் இரண்டு.

மெஷினில் ஊதினாள். நாலு மாடி ஏறி இறங்கிவிட்டு மறுபடி ஊதினாள். அருமையான எண். "நீலம் எடுத்தீங்களா?" என்று டாக்டர் கேட்டார். "இல்லைங்க" என்றாள். ஊரையே மேய்க்கிற அந்த வாயிலிருந்து அந்தப் பொய் எப்படித்தான் அத்தனை வழவழப்பாக வந்ததோ! டாக்டர் கைகுலுக்கிச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். திரும்பும் வழியில் துரைராசு கோவிந்தகுடி தாண்டி வண்டியை நிறுத்தி அல்வா வாங்கிக் கொடுத்தான். அவள் அதைப் பிரிக்காமலே கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் நிலையத்துக்கு நல்லக்கண்ணு வந்தார். குத்தகைக்கு உழுகிற மனிதர். பதினோரு வருஷமாக அவர் நெல்லை அவள் அளக்கிறாள். ஒருநாள்கூட அவர் ஏமாற்றியதில்லை. மேலாக ஒரு பிடி எடுத்துப் போட்டாள். பதினாறு புள்ளி ஆறு. பேனாவைத் திறந்துவிட்டாள். ஆனால் கை பழகிய கையாயிற்றே, அதுவாகவே வளையலை ஏற்றிக்கொண்டு உள்ளே போனது. அடிநெல் சில்லென்று இருந்தது. இருபது புள்ளி ஒன்று.

"உங்ககிட்ட இத எதிர்பாக்கலண்ணே."

நல்லக்கண்ணு தலையைக் குனிந்துகொண்டார். "மேல இருக்குறதும் எங்க வயல் நெல்லுதாம்மா. பொய் நெல்லு இல்லையே. அடியும் ரெண்டு நாள்ல காஞ்சிரும்னு நெனச்சேன். வாசல்ல மழை மேகம் வேற நிக்குது."

"காஞ்சதுக்குள்ள ஈரத்த வச்சுத் தைச்சா அது சாக்குக்குள்ளயே புழுங்கும்ண்ணே. வெளிய போக வழியில்லாம சூடேறி, நல்ல நெல்லையும் சேத்துல்ல கெடுக்கும்? மேல நான் ஏமாந்துட்டா, உள்ள இருக்குறது மாறிருமா..."

சொல்லிக்கொண்டே வந்தவளுக்கு வாய் அப்படியே நின்றுவிட்டது. ஊருக்குத்தான் உபதேசம் என்பார்களே, அது அன்றைக்கு அவள் முகத்துக்கு நேராக வந்து நின்றது. நல்லக்கண்ணு பயந்துபோய், "என்னம்மா, இளைப்பா?" என்று கேட்டார்.

"இளைப்பு இல்லண்ணே. வெக்கம்" என்றாள். அவருக்குப் புரியவில்லை. நெல்லை அள்ளிக்கொண்டு போனார்.

மத்தியானம் சாப்பாடு கொண்டுவந்த துரைராசுவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கேலி செய்வான், தப்பித்துக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தாள். அவன் தூக்குவாளியைக் கீழே வைத்தான்.

"டெலிவரிய அடைச்சுட்டு மோட்டார் போடப் பாத்திருக்கியே பிரகதி. வாஷர் போனா நான் வேற வாங்கிப் போடுவேன். நீ போனா நான் எங்கடி போவேன்?"

கல்யாணமாகி இருபது வருஷத்தில் அவன் கண் கலங்கி அவள் பார்த்தது இரண்டாவது தடவை. சோற்றை இரண்டு பேருமே சாப்பிடவில்லை.

சனிக்கிழமை தஞ்சாவூருக்குப் போய்ச் சான்றிதழை டாக்டரின் மேஜையில் வைத்தாள். கழிப்பறை, நாலு இழுப்பு, பொய் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். டாக்டர் வானதிக்குக் கோபம் வந்தது, நன்றாகவே வந்தது. சான்றிதழை நாலாகக் கிழித்தார். அப்புறம் தண்ணீர் குடித்துவிட்டு, "பொய் சொல்லிட்டுப் போன பேஷன்ட் நிறையப் பேர். அதச் சொல்லத் திரும்பி வந்தது நீங்க ஒருத்தர்தான்" என்றார்.

"கோவிச்சுக்காதீங்க டாக்டர். காயவச்சு எடுத்துட்டு வரேன்."

"எதை?"

"என்னத்தாங்க."

பங்குனிப் படகு அவள் இல்லாமல் போனது. ஆசியாவிடம் அவளே உண்மையைச் சொன்னாள். சமீர் மட்டும், "கடல் எங்கக்கா ஓடிப்போகுது? மெதுவா வாங்க" என்றான். டாக்டர் மருந்தை மாற்றினார். நிலையத்தில் பிரகதீஸ்வரி முதல் காரியமாக மெஷின் ஆட்களைக் கூப்பிட்டு, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கத்தில் தன் மேஜையைத் தூக்கிப் போடச் சொன்னாள். இத்தனை வருஷமாகப் புழுதிக்கு நேர் முன்னால் உட்கார்ந்திருந்ததை நினைத்தால் அவளுக்கே சிரிப்பு வந்தது. ஒரு மேஜையை நகர்த்துவதற்கு ஒரு கடல் தேவைப்பட்டிருக்கிறது. நல்லக்கண்ணுவின் நெல் திருப்பி அனுப்பிய மூன்றாம் நாளே வந்திருந்தது. அடியிலும் பதினாறு புள்ளி ஒன்பது.

சித்திரையில் கொள்முதல் முடிந்தது. நோட்டில் முந்நூற்றுத் தொண்ணூறு, முந்நூற்றுத் தொண்ணூற்றைந்து, நானூறு. நீல இன்ஹேலரின் பின்பக்கத்தில் மிச்சம் எத்தனை என்று காட்டும் எண் ஐந்து வாரமாக நூற்றுப் பதினான்கிலேயே நின்றது. பரிசோதனை அறையில் டாக்டர் கேட்பதற்கு முன்னாலேயே அதை எடுத்து மேஜையில் வைத்தாள். ஊதினாள், மாடி ஏறினாள், திரும்ப ஊதினாள். இந்த முறை டாக்டர் எண்ணை இரண்டு தடவை பார்த்துவிட்டு, கைகுலுக்காமல் கட்டிக்கொண்டார். நிபந்தனைகளை எழுதியே கொடுத்தார். ஆறு மீட்டருக்குக் கீழே போகக்கூடாது. சளி இருமல் இருந்தால் இறங்கவே கூடாது. உள்ளே ஒரு நொடிகூட மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கக் கூடாது. மேலே வரும்போது அவசரமே கூடாது.

இரண்டு வாரம் கழித்துப் பாண்டிச்சேரியில் முதல் நாள் நீச்சல்குளத்தில் பழக்கினார்கள். மறுநாள் காலை ஊதியபோது முந்நூற்றுத் தொண்ணூற்றைந்து. படகு கரையை விட்டுக் கிளம்பியது. ஆசியா வாந்தியெடுத்தாள்; தலைகீழாகக் குதித்தவளுக்குப் படகு ஆகாதாம். துரைராசு இரண்டு உயிர்காப்பு உடுப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு, படகின் நட்டநடுவில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தான்.

"அக்கா, நாப்பத்தெட்டு மணி நேரம்?" என்று கேட்டான் சமீர்.

"நாப்பத்தொம்பது நாள் ஆச்சு தம்பி."

அவன் சிலிண்டரை மாட்டிவிட்டான். பிரகதீஸ்வரி படகு விளிம்பில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள். கழற்றி, எங்கே வைப்பது என்று சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு நடுப்படகைப் பார்த்துத் திரும்பினாள்.

"என்னங்க. செருப்பப் பாத்துக்கங்க."

துரைராசு கண்ணைத் திறந்தான். மதகுக் கதையை நூறு தடவையாவது கேட்டவன். கையை நீட்டி வாங்கிக்கொண்டான்.

முதலில் பச்சை, அப்புறம் நீலம். காது அடைத்தது, சொல்லித்தந்தபடி மூக்கைப் பிடித்து ஊதியதும் திறந்துகொண்டது. சமீர் அவளுடைய தோளை விடவே இல்லை. மணல் தெரிந்தது. பாறை ஒன்றைச் சுற்றி, மஞ்சள் கோடு போட்ட அந்த மீன்கள் அவளை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் மேய்ந்துகொண்டிருந்தன. ஆனால் அவள் மீனைப் பார்க்கவில்லை, கேட்டுக்கொண்டிருந்தாள். அங்கே வேறு சத்தமே இல்லை. அவளுடைய மூச்சு மட்டும்தான். உள்ளே போகிறது, வெளியே வருகிறது. முப்பத்தேழு வருஷமாக எந்தச் சத்தத்தைக் கேட்கப் பயந்து காதை வேறு பக்கம் திருப்பிக்கொண்டிருந்தாளோ, அதே மூச்சு. பூனைக்குட்டி இல்லை. விசில் இல்லை. குமிழிகள் கொத்துக்கொத்தாக மேலே போயின. கண்ணாடிக்குள் அவள் அழுதாள். அழும்போதும் மூச்சைப் பிடிக்கவில்லை, டாக்டர் சொன்னது நினைவிருந்தது.

அப்புறம் கை சும்மா இருக்குமா? மணலைக் கண்டதும் அதுவாகவே நீண்டு, முழங்கைவரை உள்ளே போய், அடியிலிருந்து ஒரு பிடி அள்ளி முகத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தது. கலங்கிய மணலுக்கு நடுவில் சமீர் விரலை ஆட்டி ஆட்டித் திட்டினான்.

மேலே வர எத்தனை நேரமானதோ, அவ்வளவு நிதானமாக வந்தாள். தலையை வெளியே நீட்டி, வாயிலிருந்த குழாயை எடுத்துவிட்டு, படகைப் பார்த்துக் கத்தினாள்.

"ஈரம் ஜாஸ்தியா இருக்குங்க! காயவச்சு எடுத்துட்டு வரச் சொல்லணும்!"

படகே சிரித்தது. வாந்தியெடுத்த ஆசியாவும் சிரித்தாள். துரைராசு மட்டும் சிரிக்கவில்லை. நடுப்படகைவிட்டு எழுந்து, தண்ணீருக்குப் பயந்த அந்த மனுஷன் எப்போது வந்தானோ, விளிம்பில் மண்டி போட்டுக் கடலை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். நடுக்கடலில் யார் திருடிக்கொண்டு போய்விடப் போகிறார்களோ, அவளுடைய செருப்பு இரண்டையும் நெஞ்சோடு சேர்த்து இறுக்கிப் பிடித்திருந்தான்.